முப்பத்திரண்டாம் நாள்

துயரத்துக்கும் நாட்கணக்கு உண்டென்று நம் முன்னோர் வகுத்து வைத்தனர். உயிர் பிரிந்தபின் தகனம், அதனை அடுத்துக் காடாற்று, பின்னர் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, அதனோடு ஒட்டி வீட்டுக்கிருத்தியம், மாதந்தோறும் மாசியம், ஆண்டு நிறைவில் ஆட்டைத் திவசம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் முதியோர் எவரைக் கேட்டாலும் இவ்வொழுங்கினைப் பஞ்சாங்கத்தை விரிக்காமலே சொல்லுவர்.

இவ்வேற்பாட்டில் சமய நோக்கம் இருப்பது போலவே மனிதப் பண்பு ஒன்றும் மறைந்திருக்கின்றது. துயருற்றவரைத் தனியே விட்டுவிடாமையே அது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல் வீடுகளிலிருந்து தேநீரும் சோறும் வந்து சேரும். பந்தலிலே கதிரைகள் நிறைந்திருக்கும். வெளியூர் உறவினர் வந்து தங்குவர். அந்தியேட்டியன்று வெளியிடும் கல்வெட்டுக்காக, மறைந்தவரின் நல்ல படமொன்றைத் தேடுவார் ஒருவர். வாழ்க்கை வரலாற்றை எழுதுவார் இன்னொருவர். திதி வெண்பாவுக்காகப் புலவரை நாடிச் செல்வார் மற்றொருவர். வம்ச விருட்சத்தில் எவர் பெயரேனும் விடுபட்டதோ என்று விரல் மடக்கி எண்ணுவார் வேறொருவர். ஆக, ஆற அமர இருந்து அழுவதற்கும் நேரமின்றி அம்முப்பத்தொரு நாட்களும் ஓடிவிடும்.

அந்தியேட்டி நிறைவெய்தும். கீரிமலையிலிருந்து மீண்டோர் மதிய உணவருந்துவர். கல்வெட்டைக் கையில் வாங்கிக்கொள்வர். இழவு வீட்டிலே 'போய் வருகின்றோம்' என்று சொல்லும் வழக்கம் இல்லையாதலால் சொல்லாமலே எழுந்து செல்வர். வாடகைக் கதிரைகள் வண்டியேறும், பந்தல் அவிழும்.

மறுநாள் பொழுது விடியும். அது முப்பத்திரண்டாம் நாள். அந்நாளுக்குப் பெயரில்லை, கிரியையில்லை, வருவோரும் இல்லை. அன்றுதான் வீட்டிலுள்ளோர் இழப்பின் முழு உருவத்தையும் முதன்முறையாகக் காண்கின்றனர். பழக்கத்தால் ஒரு குவளை தேநீர் கூடுதலாக வார்க்கப்பட்டுவிடுகின்றது. சாய்மனைக் கதிரை வெறிதே கிடக்கின்றது. மாலையில் படலை திறக்கும் ஓசை கேட்பதில்லை.

அந்த முப்பத்திரண்டாம் நாளைப் பற்றியும், அந்நாளின் பாரத்தை அறிந்திருந்த ஒரு மூதாட்டியைப் பற்றியுமே இவ்வாரம் எழுத எண்ணினோம். அவர் எம் சின்னம்மா; எம்மை ஈன்ற அன்னையின் தங்கையார். அண்மையில் தமது எழுபத்தொன்பதாம் வயதில் இயற்கை எய்தினார். சொந்தத் துயரைப் பலரும் படிக்கும் பத்தியிலே வைப்பது முறையோ என்று ஒருகணம் தயங்கினோம். ஆயினும், நேயர் பலரின் இல்லங்களிலும் இத்தகைய ஒருவர் இருந்திருப்பார், அல்லது இன்றும் இருப்பார் என்பதனால் எழுதத் துணிந்தோம்.

தாயின் உடன்பிறந்தாளை நாம் அழைக்கும் சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெரியம்மா, சின்னம்மா, குஞ்சியம்மா, ஆசையம்மா, சீனியம்மா. எச்சொல்லை எடுத்தாலும் அதனுள்ளே 'அம்மா' இருக்கின்றாள். உடன்பிறந்தாளின் பிள்ளைகளைக் குறிக்கவும் யாழ்ப்பாணத்தில் ஓர் அருமையான சொல் உண்டு: பெறாமக்கள். பெற்றெடுக்காதவர், ஆயினும் மக்கள். மரண அறிவித்தல்களைப் படிப்போர் இச்சொல்லை நன்கறிவர். பெற்றோர், கணவர், மக்கள், மருமக்கள், சகோதரர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என்று நீண்டு செல்லும் உறவு வரிசையின் கடைக்கோடியிலே பெறாமக்கள் வந்து நிற்பர்.

எம் சின்னம்மா மணம் புரிந்தவர் அல்லர். ஆதலால் அவருக்காக நாம் எழுதிய அறிவித்தலில் இடைவரிசைகள் பல இல்லாதொழிந்தன. கடைக்கோடியில் நிற்க வேண்டிய நாமே முன்வரிசைக்கு வந்துவிட்டோம். அச்சில் அது சில வரிகளே. அவ்வரிகளுக்குள் அடங்காத வரலாற்றையே இங்குக் கூறுகின்றோம்.

எம் தந்தையார் 1986ஆம் ஆண்டிலே நோயுற்றுக் காலமானார். அப்பொழுது எமக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு, தங்கைக்கு நான்கு. மூத்த மகன் என்ற முறையில் கொள்ளி வைக்கும் கடமை எம்மைச் சேர்ந்தது. அதன் பொருளை உணரும் பருவம் அதுவன்று. முப்பத்தொரு நாளும் வீடு நிறைந்திருந்தது. சின்னம்மாவும் எம்முடனே இருந்தார். அந்தியேட்டியன்று மாலை அவரும் தம் வீட்டுக்குப் புறப்பட்டபோது, மற்றோரைப் போல் இவரும் போய்விட்டார் என்றே எண்ணினோம்.

மறுநாட் காலையில் படலை திறந்தது. ஒரு கையில் தகரப் பெட்டியும் மறு கையில் தையற்பொறியுமாகச் சின்னம்மா உள்ளே வந்தார். அவர் முதல்நாள் மாலை போனது பெட்டி கட்டுவதற்காகவே என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

அன்னையார் அறையை விட்டு வெளியே வரவில்லை. சின்னம்மா 'அழாதே' என்று சொல்லவில்லை. 'எல்லாம் விதி' என்றும் சொல்லவில்லை. முற்றத்தைக் கூட்டினார், கிணற்றில் நீர் அள்ளினார், அடுப்பை மூட்டினார். உலை கொதிக்கும் ஓசை கேட்டபோதுதான் வீடு மறுபடியும் வீடாயிற்று. மூலையிலே குந்தியிருந்து விம்மிக்கொண்டிருந்த எமக்கு ஒரு கோப்பையிற் சோறிட்டு வைத்து, "அழுறதெண்டால் அழு மோனை. சாப்பிட்டிட்டு அழு" என்றார். ஆறுதல் மொழி எனத்தக்கவற்றுள் அதனினும் சிறந்த ஒன்றை நாம் இற்றைவரை எந்நூலிலும் கண்டிலோம்.

அன்று தொடங்கி, கையாற் சுழற்றும் அத்தையற்பொறியே எம் குடும்பத்தின் சீவனமாயிற்று. பாடசாலைச் சீருடை, மணப்பெண்ணின் சட்டை, தலையணை உறை, கிழிந்த சாரத்துக்கு ஒட்டு என எது வந்தாலும் சின்னம்மா மறுப்பதில்லை. தை மாதத்திற் பாடசாலை தொடங்குமுன் பொறி இரவிலும் ஓயாது. 1990இல் மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலுள் சிறிது எண்ணெய் வார்த்துப் பஞ்சுத்திரி இட்டு எரித்த அச்சிறு விளக்கை, அக்காலத்தில் மாணவராயிருந்தோர் எவரும் மறந்திரார். எம் வீட்டில் அத்தகைய விளக்கு ஒன்றே. அதன் ஒரு புறத்தில் நாம் மூவரும் பாடம் படிப்போம். மறுபுறத்திற் சின்னம்மா ஊசிக்கு நூல் கோப்பார். எண்ணெய் குறைந்த இரவுகளில் அவர் தம் வேலையை நிறுத்திவிட்டு விளக்கை எம் பக்கம் நகர்த்துவார்.

இரண்டாவது இழப்பு வீட்டின் இழப்பு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில், ஒரே இரவிலே, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்தனர். எதனை எடுப்பது, எதனை விடுவது என்று வீடு தோறும் திகைப்பு. எம் அன்னையார் சுவரிலிருந்த தந்தையாரின் படத்தை எடுத்தார். சின்னம்மா தையற்பொறியைச் சாக்கிற் சுற்றி மிதிவண்டியின் கரியரிற் கட்டினார். படமும் பொறியும் ஒரே மிதிவண்டியிற் சென்றன. மனிதர் வாழ்வதற்கு இரண்டும் வேண்டும் என்பதை அவ்விரு சகோதரியரும் தமக்குள் பகிர்ந்துகொண்டனர் போலும்.

தென்மராட்சியிலே முதற் சில நாட்கள் ஒரு பாடசாலையின் விறாந்தையிலும், பின்னர் ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலிலும் தங்கினோம். மூன்றாம் நாளே பொறி சாக்கிலிருந்து வெளியே வந்தது. நனைந்த ஊசியைத் துடைத்து எண்ணெய் இட்டு, இடம்பெயர்ந்தோரின் கிழிந்த துணிகளைத் தைக்கத் தொடங்கினார். கூலியாக ஒரு கொத்து அரிசி வரும். சில நாட்களில் ஒரு தேங்காய் வரும். சில நாட்களில் நன்றி மட்டுமே வரும். மூன்றையும் அவர் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கொட்டிலிலேதான் 1996 மாசி மாதம் எம் அன்னையார் நெஞ்சுநோயால் மறைந்தார். கீரிமலைக்குச் செல்லும் வழி அந்நாளில் எமக்கு இல்லை. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இலேயே தம் ஊர்களை விட்டு வெளியேறியிருந்தனர். இப்பொழுது வலிகாமம் முழுவதுமே எமக்கு எட்டாததாயிற்று. அருகிலிருந்த குளக்கரையிலே அந்தியேட்டி நிறைவேறியது. கல்வெட்டு அச்சிடக் காகிதமும் இல்லை. அதனை வாங்கிச் செல்ல உறவினரும் அதிகம் இல்லை.

இவ்விடத்தில் நேயர்கள் ஒன்றைக் கருத வேண்டும். எமக்கு அன்னை மறைந்தார். சின்னம்மாவுக்கு அக்கா மறைந்தார். ஒரே பாயில் உறங்கி, ஒரே கிணற்றில் நீராடி வளர்ந்த உடன்பிறப்பு. ஆயினும் துக்கம் விசாரிக்க வந்தோர் எம் மூவரையே கட்டி அழுதனர். "சின்னம்மா இருக்கிறா தானே" என்று எமக்கு ஆறுதல் கூறினர். இருக்கின்ற சின்னம்மாவுக்கு எவர் இருக்கின்றார் என்ற வினா அக்கூட்டத்தில் எழவில்லை. குடும்பத்தைத் தாங்குவோர்க்கு உலகில் நேரும் கதி இதுவே. தூணுக்கும் நோகும் என்று எவரும் நினைப்பதில்லை.

முப்பத்திரண்டாம் நாள், விடிவதற்கு முன்பே பொறியின் ஓசை கேட்டு எழுந்தோம். அன்னையாரின் நூற்சேலை ஒன்றை வெட்டித் தங்கைக்குப் பாவாடை தைத்துக்கொண்டிருந்தார் சின்னம்மா. சக்கரம் சுழலும் ஓசைக்குள்ளே அவருடைய அழுகை மறைந்திருந்தது. அப்பொழுது தங்கைக்குப் பதினான்கு வயது. அவள் எழுந்து சென்றாள். ஒன்றும் பேசாமல் அவருக்குப் பதிலாகச் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கினாள். துணியைப் பிடிக்க இரு கைகளும் சின்னம்மாவுக்குக் கிடைத்தன. நெடுநேரம் அவ்வாறே இருவரும் தைத்தனர். பின்னர் தங்கை அடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்து, "அழுறதெண்டால் அழுங்கோ சின்னம்மா. குடிச்சிட்டு அழுங்கோ" என்றாள். கொடுத்தது திரும்பி வந்ததை அன்று கண்ணாற் கண்டோம்.

அவ்வாண்டு சித்திரைக்குப் பின் வலிகாமத்துக்கு மீண்டோம். காலம் சென்றது. நாம் தொழில் பெற்றோம், தம்பி கடல் கடந்தான், தங்கை ஆசிரியையானாள். சீவனத்துக்காகத் தைக்கும் தேவை தீர்ந்தது. ஆயினும் சின்னம்மாவின் மற்றொரு தொழில் ஓயவில்லை. இலங்கை வானொலியின் மரண அறிவித்தலை அவர் நாள் தவறாமற் கேட்பார். மின்சாரமும் மின்கலமும் இல்லாத காலத்தில், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றியே ஊரார் வானொலி கேட்டனர். தம்பி மிதிக்க, சின்னம்மா செவி சாய்த்திருப்பார். ஊரிலோ அயலூரிலோ எவ்வீட்டில் இழவு நேர்ந்தாலும், முப்பத்திரண்டு நாட்களை எண்ணி, நாட்காட்டியில் அத்திகதிக்குப் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இடுவார். செத்தவீட்டுக்கும் செல்வார்; அங்கே கூட்டத்தோடு கூட்டமாக இருந்து திரும்புவார். வட்டமிட்ட நாளிலேதான் அவருடைய உண்மையான துக்க விசாரணை நிகழும்.

அதற்கு அவரிடம் சில நியமங்கள் இருந்தன. வெறுங்கையோடு செல்வதில்லை, சமைத்த கறி ஒன்று கையில் இருக்கும். முதலில் ஆறுதல் சொல்வதில்லை; "தண்ணி அள்ளி வைக்கட்டோ?" என்றே தொடங்குவார். மறைந்தவரின் பெயரைப் பிறர் சொல்ல அஞ்சுவர். இவரோ தயங்காமற் சொல்வார். "அவருக்கு இந்தக் கறி பிடிக்குமோ?" என்று கேட்பார். அவ்வினாவுக்கு விடை சொல்லப் புகுந்தோர், ஒரு மாதம் பேசாதிருந்ததையெல்லாம் பேசி முடிப்பர். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பதில்லை. அடுத்த கிழமை மறுபடியும் செல்வார்.

சின்னம்மாவைத் 'தியாகி' என்று கூறினோர் பலர். கூறியோரின் அன்பை மதிக்கின்றோம். ஆயினும் அச்சொல்லை நாம் பெரிதும் விரும்பவில்லை. தியாகி என்றவுடன் ஆள் மறைந்து சிலை ஒன்று எழுந்துவிடுகின்றது. சின்னம்மா சிலையல்லர். வெற்றிலை போடுவார்; வானொலி நாடகத்துக்கு வாய்விட்டுச் சிரிப்பார்; நூல் அறுந்தால் பொறியைத் திட்டுவார்; மாம்பழத்தில் கொட்டையை எவருக்கும் விட்டுக்கொடார். எட்டுச் செலவன்று, மறைந்தவர் விரும்பி உண்டவற்றைப் படைப்பது நம் வழக்கமன்றோ? அவருக்கு எது பிடிக்கும் என்று அயலவர் கேட்டபோது, தங்கை ஒடியற் பிட்டும் கருவாட்டுக் குழம்பும் என்று ஒரு கணமும் தயங்காது கூறினாள். பல வீடுகளில் இவ்வினாவுக்கு விடை கிடைப்பதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு இறுதியில் எஞ்சியதை உண்பவருக்கு எது பிடிக்கும் என்பதை அறிவார் யார்?

கொள்ளி வைக்கும் கடமை மறுபடியும் எம்மைச் சேர்ந்தது. முதன்முறை அதன் பொருளை உணராத சிறுவன் கையால் நிகழ்ந்தது; இம்முறை ஒவ்வோர் அடியையும் உணர்ந்தே நடந்தோம். தங்கையின் மக்கள் பந்தம் பிடித்தனர். கீரிமலையிலே அந்தியேட்டி நிறைவேறியது. கல்வெட்டின் வம்ச விருட்சத்திலே அவர் பெயருக்குக் கீழே கிளை வரைய இடமில்லை என்றார் அச்சகத்தார். புள்ளிக் கோடிட்டு எம் மூவர் பெயரையும் அங்கேயும் சேர்க்கச் செய்தோம்.

அதன் மறுநாள் எமக்கு வந்த முப்பத்திரண்டாம் நாள். அந்நாளில் வரத்தக்கவர் எவரோ அவரே போய்விட்டார் என்று எண்ணியிருந்த வேளையில் படலை திறந்தது. நான்கு வீதி தள்ளி வசிக்கும் ஓர் அம்மையார். எம்மோடு அதிகம் பழகியவரல்லர். கையிலே மூடிய சட்டி ஒன்று. "உங்கட சின்னம்மா அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்தவ. இண்டைக்கு நான் வந்திருக்கிறன்" என்றார். வேறொன்றும் கூறாது விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினார்.

நம் பஞ்சாங்கத்தில் தந்தையை இழந்தோர்க்கு ஆடி அமாவாசை உண்டு; காத்தோட்டிக்காய் சமைத்து விரதமிருக்கின்றோம். தாயை இழந்தோர்க்குச் சித்திரா பௌர்ணமி உண்டு. சின்னம்மாவை இழந்தோர்க்குத் தனியே ஒரு நாள் இல்லையே என்று தங்கை ஏங்கினாள். ஊர்க் குருக்களைக் கேட்டோம். புரட்டாதி மாதத்தை ஒட்டி வரும் மகாளய பட்சத்திலே, பெற்றோர் வழி முன்னோர்க்கு மட்டுமன்றி, சிறிய தாயார், மாமியார், ஆசிரியர், நண்பர் எனக் கருணையால் எம்மோடு பிணைந்த அனைவர்க்கும் எள்ளும் நீரும் இறைக்கலாம் என்றும், அவர்களைக் காருணிய பிதிர்கள் என்று வழங்குவர் என்றும் கூறினார். அப்பெயர் எமக்கு மிகவும் பிடித்திருந்தது. வரும் மகாளயத்தில் அக்கடனை ஆற்றுவோம்.

ஆயினும் எள்ளும் நீரும் போதா என்றே எண்ணுகின்றோம். மாணவ நேயர்களுக்குச் சிறப்பாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு சின்னம்மாவோ மாமியோ பெரியம்மாவோ இருக்கக்கூடும். வீட்டில் எவருக்கு நோய் வந்தாலும் முதலில் அழைக்கப்படுபவர் அவராயிருப்பார். அவருக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று இன்றே கேட்டறியுங்கள். வீட்டில் இழவு நேருமாயின், மறைந்தவர் அவருக்கும் அக்காவோ தம்பியோ அன்றோ என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய சக்கரத்தைச் சற்று நேரம் நீங்கள் சுழற்றுங்கள்.

பெரியோர்க்கும் ஒரு சொல். செத்தவீட்டுக்குச் செல்வது கடமை. அந்தியேட்டிக்குச் செல்வது முறை. இரண்டையும் நாம் தவறாது செய்கின்றோம். அவற்றோடு நின்றுவிடாது, வீட்டு நாட்காட்டியிலே இன்னும் ஒரு திகதிக்குப் பென்சிலால் வட்டம் இட்டு வையுங்கள். அன்று காலையில், கையில் ஏதேனும் ஒரு கறியோடு அவ்வீட்டுப் படலையைத் திறவுங்கள். என்ன பேசுவது என்று கவலற்க. முற்றம் கூட்டாமற் கிடக்கும், அங்கிருந்து தொடங்கலாம்.